பன்னிரண்டு ஈக்களும் ஓர் அளவையும்



தூண்டில் என்றதும் நம் நினைவுக்கு வருபவை மண்புழுவும் மாவு உருண்டையும்தாம். ட்ரவுட் மீனைத் தேடிச் செல்வோருக்கு அவை இரண்டும் தேவையில்லை. குளிர்ந்து தெளிந்த நீரில் வாழும் அந்த மீன், நீருக்குள் வளரும் பூச்சிகளையும், நீர்மேல் வந்து சிறகு விரிக்கும் ஈக்களையும் பெரிதும் தின்று வளர்வது. ஆகவே அதைப் பிடிக்க விரும்புவோர் தூண்டில் முள்ளின்மேல் நூலும் இறகும் ரோமமும் சுற்றி, பூச்சியைப் போன்றதொரு பொய்ப் பூச்சியைக் கட்டுகிறார்கள். விரல் நகத்தின் அளவைத் தாண்டாத அந்தப் பொருளுக்கு இங்கிலாந்தில் ‘ஃப்ளை’ என்று பெயர். எங்கள் வீட்டில் ‘ஈ’ என்றே வழங்குகிறோம். நீலகிரியின் அவலாஞ்சியிலும் நுவரெலியாவை அடுத்த ஓடைகளிலும் ஆங்கிலேயர் கொண்டுவந்து விட்ட ட்ரவுட் உண்டு. எனவே வாசகர்களில் சிலர் இம்மீனைக் கண்டிருக்கவும் கூடும்.

நாங்கள் வசிப்பது லெஸ்டர் நகரில். முக்கால் மணி நேரத் தொலைவில் ரட்லண்ட் வாட்டர் என்னும் பெரிய நீர்த்தேக்கம் இருக்கிறது. 1970களில் கட்டப்பட்டது. வானவில் ட்ரவுட்டை வளர்த்து அதில் விடுகிறார்கள். கட்டணம் செலுத்துவோர் குறிப்பிட்ட எண்ணிக்கை வரை பிடித்து வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். கோடையில் ஞாயிற்றுக்கிழமைகள் அங்கே கழியும். குளிர்காலத்தில் தூண்டில்கள் ஓய்ந்துவிடும். டிசம்பரில் நான்கு மணிக்கு முன்னரே மஃரிப் வந்துவிடுகிற நாட்டில், இஷாவுக்குப் பிந்திய நீண்ட இரவுகளில் மேசைமேல் சிறிய இடுக்கியொன்றைப் பூட்டி, அதன் வாயில் முள்ளைக் கவ்வவைத்து, நாங்கள் ஈ கட்டுகிறோம். அந்த மாதங்களில்தான் ஈ மாற்றும் நடைபெறுகிறது.

முறை மிக எளியது. பன்னிரண்டு பேர் சேர்வார்கள். ஒவ்வொருவரும் தமக்குத் தெரிந்த ஒரே வகை ஈயைப் பன்னிரண்டு கட்ட வேண்டும். அவற்றை ஒரு பெட்டியில் அடுக்கி, திரும்பி வருவதற்கான அஞ்சல் தலையையும் வைத்து, பொறுப்பாளர் ஒருவருக்கு அனுப்ப வேண்டும். அவர் நூற்று நாற்பத்து நான்கையும் தம் மேசையில் பரப்பி, ஒவ்வொரு பெட்டியிலும் ஒவ்வொரு வகையில் ஒன்றாகப் பன்னிரண்டை வைத்துத் திருப்பி அனுப்புவார். ஒவ்வொரு முள்ளிலும் கட்டியவர் பெயரும் ஈயின் பெயரும் எழுதிய சிறு காகிதத்துண்டு தொங்கும். பணம் எவரும் எவருக்கும் தருவதில்லை. நாம் அனுப்பிய பன்னிரண்டில் ஒன்று நமக்கே திரும்பி வருவது இதில் ஒரு நுட்பம். பதினொரு பேரின் கைவேலைக்கு நடுவே நம்முடையதும் ஒரு வரிசையில் குத்தப்பட்டிருக்கும். அதைப் பார்த்தபின் வேறு சாட்சி வேண்டியதில்லை.

இதை வியாபாரம் என்பதா, அன்பளிப்பு என்பதா? முதல் ஆண்டிலேயே எங்கள் வீட்டில் இக்கேள்வி எழுந்தது. வருவது இன்னதென்று தெரியாமல் ஒன்றைக் கொடுத்து ஒன்றைப் பெறுகிறோமே, விற்பனையாயின் அதில் அறியாமையின் குறை இருக்காதா என்றார்கள் அத்தா. நாங்கள் ஆலிம் ஒருவரிடம் கேட்டோம். விலை பேசாமல், லாபம் நாடாமல், ஒருவர்க்கொருவர் மனமுவந்து கொடுப்பதாயின் அது ஹதியாவுக்கு நெருக்கமானது என்றார் அவர். பிறகு சற்று நிறுத்தி, “ஹதியா என்பதற்காக அளவையை மறந்துவிடாதீர்கள்” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அளவை என்று அவர் சொன்னதன் பொருள் கட்டத் தொடங்கியபின்தான் விளங்கியது. முதல் ஈயைக் கட்டும்போது கையில் ஆசை இருக்கிறது. மூன்றாவதில் கை பழகுகிறது. ஐந்தாவது, ஆறாவது மிக அழகாக வருகின்றன. ஒன்பதாவதில் முதுகு வலிக்கிறது. பத்தாவதில் இறகு சற்றுக் கோணினாலும் போகட்டும் என்று தோன்றுகிறது. அப்போது மனம் மெல்லச் சொல்லும்: அந்த அழகிய ஐந்தாவதையும் ஆறாவதையும் நம் பெட்டியில் வைத்துக்கொள்வோம், கோணியதை அனுப்புவோம், அதைப் பெறப்போகிறவர் யாரோ, எங்கேயோ. தாங்கள் வாங்கும்போது நிறைவாக அளந்து வாங்கி, பிறருக்கு அளக்கும்போது குறைப்பவரைப் பற்றி அல்முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிப்பதை நாம் மளிகைக்கடைத் தராசோடு நிறுத்திக்கொள்கிறோம். அல்பகரா அத்தியாயத்திலோ, நமக்கே தரப்பட்டால் கண்ணை மூடிக்கொண்டுதான் வாங்குவோம் என்ற தரத்திலான பொருளை அல்லாஹ்வின் பாதையில் கொடுக்க நாடவேண்டாம் என்று கூறப்படுகிறது. அது தர்மத்தைப் பற்றிய வசனம். தூண்டில் ஈயைப் பற்றியதன்று. ஆயினும் பத்தாவது ஈயைக் கையில் வைத்திருப்பவருக்கு அது போதுமான வெளிச்சம். எங்கள் வீட்டு வழக்கம் இப்போது இதுதான்: பதினைந்து கட்டுகிறோம். குறையுள்ள மூன்றை நாங்கள் வைத்துக்கொள்கிறோம். எங்கள் பெட்டியில் இருப்பவற்றைப் பார்த்து எங்கள் திறமையை எவரும் மதிப்பிட வேண்டாம்.

இனி இறகின் விஷயம். இதில் எங்கள் வீடு இரு கட்சி. உம்மா கடற்கரை ஊர், ஷாஃபிஈ. அத்தா உள்நாட்டு ஊர், ஹனஃபி. முறைப்படி அறுக்கப்படாமல் இறந்த பறவையின் இறகு ஷாஃபிஈ மத்ஹபில் நஜீஸ். ஹனஃபி மத்ஹபிலோ, இறகிலும் ரோமத்திலும் உயிர் குடியிருப்பதில்லை என்பதால் அவை சுத்தமானவை. பன்றி மட்டும் விலக்கு. இங்கே ஈ கட்டுவோர் அதிகம் பயன்படுத்தும் இறகுகளுள் ஒன்று ஃபெசன்ட் பறவையின் வால். அது பெரும்பாலும் துப்பாக்கி வேட்டையில் விழுந்த பறவையினுடையது. வில்ட்ஷயரில் ஆற்றுக் காவலராக இருந்த ஃபிராங்க் சாயர் என்பவர் அந்த வாலின் இழைகளையும் மெல்லிய செம்புக் கம்பியையும் மட்டும் கொண்டு, நூலே இல்லாமல் கட்டிய ஈ உலகப் புகழ் பெற்றது. அத்தாவுக்கு அதன்மேல் மிகுந்த ஆசை. உலர்ந்த நஜீஸ் உலர்ந்த கையில் ஒட்டாது என்ற சட்டத்தை உம்மாவிடம் எடுத்துரைத்து, இடுக்கி மேசையைத் தொழும் அறையிலிருந்து அகற்றி, வீட்டில் ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது. ஆற்றில் நனைந்த ஈயைத் தொட்ட கையைக் கழுவாமல் உம்மாவின் சமையலறைக்குள் நுழைய இன்றும் எவருக்கும் துணிவில்லை.

ஆனால் பிறருக்கு அனுப்பும் ஈ இரு மத்ஹபிலும் ஐயத்துக்கு இடமில்லாததாக இருக்க வேண்டும் என்பதில் இருவரும் ஒன்றுபட்டார்கள். ஹலால் அறுப்பகத்துச் சகோதரர் ஒருவர் பிஸ்மில்லாஹ் சொல்லி அறுத்த கறுப்புக் கோழிகளின் கழுத்திறகைப் பை நிறையத் தருகிறார். சோப்பு நீரில் கழுவி உலர்த்தி, சிற்றுண்ணிகள் சாகும்படி சில நாள் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் கடையில் விற்பதற்கு இளைத்ததன்று. அதைக்கொண்டு ‘பிளாக் ஸ்பைடர்’ கட்டுகிறோம்: கறுப்பு நூலால் உடல், அதன் தலைப்பில் மெல்லிய இறகு இரண்டு மூன்று சுற்று, அவ்வளவே. ஸ்காட்லாந்தின் டபிள்யூ. சி. ஸ்டூவர்ட் 1857இல் வெளியிட்ட நூலால் பரவிய பழைய ஈ அது; மூலத்தில் மைனாவின் உறவான ஸ்டார்லிங் பறவையின் இறகு. சிலந்தி என்ற பெயரைக் கேட்டதும் தவ்ர் குகையை நினைத்துப் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. எதிர்வரிசையில் வந்த ஈக்குப் பெயர் ‘டயால் பாக்’. வேல்ஸ் மொழியில் ‘குட்டிச் சைத்தான்’ என்று பொருளாம். ரட்லண்டில் மிக நன்றாக மீன் பிடிக்கும் ஈக்களுள் அதுவும் ஒன்று. பெயரை வாய்விட்டுச் சொல்லாமலே எங்கள் இளையவன் அதை நூலில் கட்டிக்கொள்கிறான்.

பழைய சால்மன் ஈக்கள் சிலவற்றில் பன்றி ரோமம் சேர்வதுண்டு. அப்படியிருந்தால் காகிதத்துண்டில் குறித்துவிடுமாறு பொறுப்பாளரிடம் வேண்டினோம். அவர் மறுவார்த்தை பேசாமல் விதிகளில் ஒரு வரி சேர்த்தார். கேட்பதற்கு முன் நாங்கள் ஒரு வாரம் தயங்கியது வீண்.

இறகு எங்கிருந்து வந்தது என்று கேட்பது தூய்மைச் சட்டத்தோடு முடிவதில்லை. ஒருமுறை வந்த ஈயின் கன்னத்தில் மஞ்சளும் வெண்மையுமாய், பீங்கான் பூச்சுப் பூசியதுபோல் இரு புள்ளிகள் மின்னின. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் சாம்பல் காட்டுக்கோழிச் சேவலின் கழுத்திறகு அது. இந்தியாவில் அப்பறவை சட்டப் பாதுகாப்பில் இருக்கிறது. இங்கே முறையாகக் கிடைப்பது கூண்டில் வளர்த்தவற்றின் இறகு. கேட்டோம்; கட்டியவர் வளர்ப்பவரிடம் வாங்கிய சீட்டையே படமெடுத்து அனுப்பினார். இத்தகைய கேள்வி இந்தக் கலையில் எவரையும் புண்படுத்துவதில்லை, காரணம் உண்டு. 2009 ஜூனில் டிரிங் நகரத்து இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குள் இரவில் புகுந்து, பதப்படுத்திய 299 பறவைத் தோல்களை ஓர் இளைஞன் அள்ளிச் சென்றான். ஆல்ஃபிரட் ரஸல் வாலஸ் தீவு தீவாக அலைந்து சேகரித்தவையும் அவற்றில் இருந்தன. இவ்வளவும் சால்மன் ஈ கட்டும் இறகுக்காக. அவ்விறகுகள் பல கை மாறி, ஒன்றும் அறியாத பலருடைய மேசைகளையும் அடைந்தன. நீரில் நனைக்கவே மனம் வராத அளவு அழகாகக் கட்டி, கண்ணாடிச் சட்டத்தில் பூட்டிவைக்கும் ஈக்களின்மீது எங்களுக்கு ஒருபோதும் பெரிய மதிப்பு ஏற்பட்டதில்லை. இச்செய்தி அதை இன்னும் குறைத்தது.

மாற்றின் மறுபக்கம் மறைக்காமை. பெட்டியோடு ஒவ்வொரு ஈயும் கட்டும் முறை எழுதிய தாளும் வரும்: எத்தனை சுற்று, எந்த நூல், எந்த முள். டிவர்ட்டன் ஊரின் ஆர். எஸ். ஆஸ்டின் என்பவர் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் ஒரு ஈயைக் கண்டுபிடித்தார். அதன் உடலுக்குச் சுற்றும் ரோமக் கலவை பல்லாண்டு இரகசியமாகவே இருந்தது. அவருக்குப்பின் மகளும் அதைக் காத்துக் கட்டி விற்றார். (அதில் சேரும் ஒரு பொருள், கிடாவின் உடலில் சொல்லக் கூசும் ஓரிடத்து ரோமம், இரகசியமாகவே இருந்திருக்கலாம் என்பது உம்மாவின் கருத்து.) பிழைப்புக்காக மறைத்தவரைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. எனினும் பன்னிரண்டு பேர் தத்தம் கைப்பக்குவத்தைத் தாளில் எழுதி ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதில் ஒரு பரக்கத் இருக்கிறது.

பிடித்ததை விட்டுவிடும் வழக்கம் பற்றியும் கேட்பீர்கள். இங்கே பல ஆறுகளில் அதுவே விதி. உயிரை வேடிக்கைக்காக வருத்தக்கூடாது என்ற நபிமொழிகளின் எச்சரிக்கையை முன்வைத்து அதைக் கூடாதென்போர் ஆலிம்களில் உண்டு. மீனினம் அழியாதிருக்க இடமளிப்போரும் உண்டு. நாங்கள் உண்பதற்கு மட்டுமே பிடிக்கிறோம். வேண்டியது கிடைத்ததும் தூண்டிலைச் சுருட்டுகிறோம். கரைக்கு வந்த மீனைத் துடிக்கவிடாமல் உடனே தலையில் ஓர் அடி. பிறகு மஞ்சளும் மிளகும் பூண்டும்.

இவற்றையெல்லாம்விட எங்களை வருத்திய விஷயம் வேறு. பன்னிருவரில் ஒருவர் முதியவர். நாற்பது ஆண்டுகளாக ஈ கட்டுகிறவர். சில ஆண்டுகளாக அவருடைய கை நடுங்குகிறது. சென்ற குளிர்காலத்தில் அவர் அனுப்பியவற்றில் நூல் தளர்ந்திருந்தது, தலையில் வார்னிஷ் கட்டியாகத் திரண்டிருந்தது. உறுப்பினர் ஒருவர், நல்லதைக் கொடுத்து இதைப் பெறுவது நியாயமா என்று பொறுப்பாளருக்கு எழுதினார். அவர் அனைவருடைய கருத்தையும் கேட்டார். அளவையைப் பற்றி இவ்வளவு பேசிய எங்கள் வீட்டிலேயே இரு இரவுகள் பேச்சு நீண்டது. கொடுக்கும்போது தம் கையைக் கணக்குப் பார்ப்பது கடமைதான். ஆனால் வாங்கும்போதும் விற்கும்போதும் உரிமையைக் கேட்கும்போதும் தாராளமாய் நடப்பவருக்கு அல்லாஹ்வின் அருளை வேண்டினார்கள் நம் நபி (ஸல்) அவர்கள். அளவுகோலை யார்மேல் வைப்பது என்பதே கேள்வி என்று உம்மா சொன்னார்கள். அவர் பன்னிரண்டையும் குறைத்துக் கட்டவில்லை. தம்மால் இயன்ற முழுமையைக் கட்டினார். அவர் இருக்கட்டும் என்று எழுதினோம். வேறு எட்டுப் பேரும் அவ்வாறே எழுதினார்கள் என்று பின்னர் அறிந்தோம். அவருக்காகத் தாமே கட்டித்தருவதாக ஒருவர் முன்வந்தபோது, பிறர் கட்டியதில் தம் பெயரைத் தொங்கவிட முடியாது என்று அவர் மறுத்துவிட்டாராம்.

அவருடைய ஈ எங்கள் பெட்டியின் ஓரத்தில் இருக்கிறது. இளையவன் அதன் தளர்ந்த நூலை இழுத்து முடிச்சிட்டுச் சீராக்க முனைந்தபோது, “அது அவர் கட்டியதுப்பா, அப்படியே இருக்கட்டும்” என்று உம்மா தடுத்தார்கள். இந்த ஆண்டுப் பட்டியலில் அவர் பத்தாம் எண் முள்ளில் கட்டுவதாக எழுதியிருக்கிறார். பெரிய முள், பிடிக்க எளிது. ஜனவரி இறுதிக்குள் அனுப்ப வேண்டும். எங்களுடையதில் எட்டு முடிந்திருக்கின்றன. கறுப்பு இறகு தீர்ந்துவிட்டது. அறுப்பகத்துச் சகோதரரிடம் சொல்லி வைத்திருக்கிறோம், வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் தருவதாகச் சொன்னார்.