ரெண்டு வில்... ஒரு தோள்பட்டை!

செம்பரம்பாக்கம்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? ஏரி. 24 அடி. மழை சீசன்ல டி.வி-யில ஓடுற கன அடி கணக்கு. அவ்வளவுதானே? அதே ஊர்ல, சித்தப்பாவோட காலி மனையில, வைக்கோல் கட்டு மேல பேப்பர் ஒட்டி, அதைப் பார்த்து அம்பு விட்டுக்கிட்டு இருக்கிற ஒரு பொண்ணும் உண்டு. சாட்சாத் அடியேன்தான்! படிப்பு மெக்கானிக்கல், மூணாவது வருஷம். வயசு இருபது. சேமிப்பு, டியூஷன் எடுத்துச் சேர்த்த ஆறாயிரம் ரூபாய்.

அந்த ஆறாயிரத்தை வெச்சுக்கிட்டு வில்லு வாங்கப் போன கதைதான் இது.

ஒலிம்பிக்ல பார்ப்பீங்களே, குறி பார்க்கிற கருவி, முன்னாடி நீட்டிக்கிட்டு இருக்கிற கம்பி எல்லாம் வெச்ச வில்... அதெல்லாம் முழு செட்டா வாங்கணும்னா லட்சக்கணக்குல ஆகும். நம்ம மாதிரி ஆளுங்களுக்குன்னே 'இந்தியன் ரவுண்டு'னு ஒரு பிரிவு இருக்கு. மூங்கில் வில், சொந்தக் கண்ணு, அவ்வளவுதான்! சாதாரணமா நினைச்சுடாதீங்க. ராஜஸ்தான் பழங்குடி கிராமத்துல மூங்கில் வில்லால வேட்டையாடிக்கிட்டு இருந்த லிம்பா ராம்தான், 1992-ல் பீஜிங் ஆசிய சாம்பியன்ஷிப்ல 30 மீட்டர்ல 360-க்கு 357 எடுத்து உலக சாதனையைச் சமன் செஞ்சார். ராஞ்சி ஆட்டோ டிரைவர் மகள் தீபிகா குமாரியும் வீட்டுல செஞ்ச மூங்கில் வில்லுலதான் ஆரம்பிச்சாங்க. 2010 டெல்லி காமன்வெல்த்ல ரெண்டு தங்கம்!

ஸோ, எனக்கும் மூங்கில் வில். என் அளவுக்குச் சொல்லிச் செய்யறது. ஆனா, எது?

எங்க கிரவுண்டுல ஒரு சீனியர் அக்கா வெச்சிருக்காங்க, 38 பவுண்டு வில். பாலீஷ் போட்டு, கைப்பிடியில தோல் சுத்தி, பார்த்தாலே கன்னத்துல வெச்சுக்கணும் போல இருக்கும். அதே ஆள்கிட்ட அதே மாதிரி ஆர்டர் கொடுத்தா ஆறாயிரத்துக்குள்ள முடியும். "எத்தனை பவுண்டு வேணும்?"னு போன்ல கேட்டார். நான் யோசிக்கவே இல்லை. "முப்பத்தெட்டு!" அக்கா 38 இழுக்கும்போது நாம மட்டும் கம்மியா? அட்வான்ஸ் மட்டும்தான் பாக்கி.

இந்த நேரத்துலதான் ஒரகடத்துல ஒரு உதிரி பாகக் கம்பெனியில ஒரு மாச இன்-பிளான்ட் டிரெயினிங். அங்கே லைன்ல ஒரு ஜார்க்கண்ட் அண்ணன். கான்ட்ராக்ட் ஆளு. டீ டைம்ல போன்ல அக்கா வில்லோட போட்டோவைக் காட்டினேன். வாங்கி, பெருசு பண்ணி, ரொம்ப நேரம் பார்த்தார். பாலீஷைப் பார்க்கலை. வளைவைப் பார்த்தார்.

"நல்ல வில்லு. ஆனா உனக்கு இல்ல தங்கச்சி. நான் செய்றேன்" என்றார், அவருக்குத் தெரிஞ்ச தமிழ்ல.

எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஏன், நான் இழுக்க மாட்டேனா?

தீபாவளிக்கு ஊருக்குப் போனவர், வரும்போது ரயில்ல ஒரு மூங்கில் பிளாச்சைத் தூக்கிக்கிட்டே வந்துட்டார்! வீட்டு அடுப்புக்கு மேல பரண்ல, புகையில காய்ஞ்சு கருத்துப் போன மூங்கில். பச்சை மூங்கில்ல செஞ்சா வளைஞ்ச இடத்துலேயே நின்னுடுமாம். புகை குடிச்சதைப் பூச்சியும் தொடாதாம். அறையில உக்காந்து கத்தியால சீவி, உடைஞ்ச கண்ணாடித் துண்டால சுரண்டி... சுரண்டறது, நாண் மாட்டி வளைச்சுப் பார்க்கறது, மறுபடி சுரண்டறது. மேல் பாதியும் கீழ் பாதியும் ஒரே மாதிரி வளையற வரைக்கும் விடலை. மூங்கில்ல தோல் பக்கம்தான் நார் நெருக்கமா இருக்கும். இழுவிசையைத் தாங்க வேண்டிய முதுகுப் பக்கத்துக்கு அதை விட்டுட்டு, வயித்துப் பக்கத்தை மட்டும்தான் சுரண்டினார். நான் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ்ல அரியர் வெச்சுப் படிச்ச விஷயம் பாஸ், அது! (இப்போ கிளியர் பண்ணிட்டேன், அம்மா படிச்சா நம்பணும்.)

மூங்கில்னு இளக்காரம் வேண்டாம். கௌடில்யரோட அர்த்தசாஸ்திரமே பனை, மூங்கில், மரம், கொம்புனு நாலு வகை வில்லைச் சொல்லுது. நாணுக்கு எருக்கு நார், மூங்கில் பட்டை எல்லாம் அந்த லிஸ்ட்ல வருது. அண்ணன் ஊர்ல இன்னிக்கும் மூங்கில் பட்டைதான் நாண். எனக்குக் கடைக் கயிறு போதும்னுட்டேன். எருக்குச் செடி எங்க தெருவிலேயே நிறைய இருக்கு. அதை உரிக்கிற பொறுமைதான் இல்லை!

ஆக, கையில ரெண்டு வில். அக்காவோடதை ஒருநாள் இரவல் வாங்கினேன். என்ஜினீயரிங் மூளை அப்பதான் முழிச்சுது. ஊருக்குப் போறப்போ பெட்டியை மாட்டி எடை பார்ப்போமே, அந்தக் கொக்கித் தராசு. அதை நாண்ல மாட்டி இழுத்தேன்.

முதல் அடி இங்கேதான். வில்லுல எழுதியிருக்கிற 38 பவுண்டு, 28 அங்குலம் இழுத்தா வர்றது. நம்ம இழுப்பு எவ்வளவுன்னு தெரிய, ரெண்டு கையையும் விரிச்சு, விரல் நுனிக்கு விரல் நுனி அளந்து 2.5-ஆல வகுங்க. எனக்கு 160 சென்டிமீட்டர். 64 சென்டிமீட்டர் வருது. அதாவது 25 அங்குலம்தான். அந்த இழுப்புக்கு அக்கா வில்லு காட்டினது 14.5 கிலோ. சுமார் 32 பவுண்டு. 38-னு நான் பெருமைப்பட இருந்த நம்பர் என் கைக்கு வரவே வராது! அண்ணன் செஞ்சது 12.2 கிலோ. 27 பவுண்டு.

ரெண்டு கிலோதானே வித்தியாசம்னு நீங்க சொல்வீங்க. நானும் சொன்னேன். ஆனா, நான் ஒருநாளைக்கு விடறது 72 அம்பு. பெருக்கிப் பாருங்க... ஒண்ணு 1,044 கிலோ, இன்னொண்ணு 878. தினமும் ஒரு டன்னுக்கு மேல, மூணு விரல்ல!

அண்ணன் வெச்ச பரீட்சை இன்னும் சிம்பிள். நாற்காலியில உக்காரச் சொன்னார். காலைத் தரையிலேர்ந்து தூக்கச் சொன்னார். "மேல தூக்காதே. நேரா நீட்டு, மெதுவா இழு, பத்து எண்ணு, மெதுவா விடு." (அம்பு இல்லாம நாணை 'படக்'னு விட்டா வில்லே உடையும், ஜாக்கிரதை!) அவர் வில்லுல பத்து எண்ணினேன். அக்கா வில்லுல, நாலுலேயே கை உதற ஆரம்பிச்சது. வில்லை வானத்தைப் பார்க்கத் தூக்கி, முதுகை வளைச்சு, தோளைக் காதுக்கு ஏத்தி... இத்தனை நாளா இப்படித்தான் இழுத்துக்கிட்டு இருந்தேன்னு அப்பதான் தெரிஞ்சுது. ராத்திரி வலது தோள்ல வர்ற வலியை 'பஸ்ல கம்பியைப் பிடிச்சுத் தொங்கினது'னு அம்மாகிட்ட சொல்லி வெச்சிருந்தேன்.

அன்னிக்கு ராத்திரி படிச்சதுதான் 'மேரி ரோஸ்' கதை. 1545-ல் மூழ்கின இங்கிலாந்துப் போர்க்கப்பல். 1982-ல் மேல தூக்கினாங்க. உள்ளே இருந்து 137 முழு வில் கிடைச்சுது. ஒவ்வொண்ணும் 100 பவுண்டுக்கும் மேலன்னு கணக்கு போட்டிருக்காங்க. கூடவே கிடைச்ச எலும்புக்கூடுகள்ல பலருக்குத் தோள்பட்டை எலும்போட நுனி ஒட்டாமலேயே இருந்துதாம். சின்ன வயசுலேர்ந்து கனமான வில்லை இழுத்ததோட அடையாளம்னு ஆராய்ச்சியாளர்கள் நினைக்கிறாங்க. ராஜாவுக்காகச் சண்டை போட்டவன் எலும்பைக் கொடுத்தான், சரி. நான் யாருக்காகக் கொடுக்கறேன்? சீனியர் அக்காவுக்காகவா? அவங்க என்கிட்ட கேட்கவே இல்லையே!

அட்வான்ஸ் போடலை. அண்ணன்கிட்ட காசு கொடுத்தேன். ரெண்டாயிரம் மட்டும் எடுத்துக்கிட்டார். மிச்சத்துக்கு அம்பு வாங்கிக்கச் சொன்னார்.

உண்மையையும் சொல்லிடறேன். 30 மீட்டர்ல அம்பு எல்லாம் ஒரே இடத்துல கூடுது. 50 மீட்டர்ல நிலைமை மோசம். வில்லுல பலம் கம்மி, அம்பு வழியிலேயே தலை குனியுது. அட்டைக்கு மேல, காம்பவுண்டு சுவரைப் பார்த்துக் குறி வைக்க வேண்டியிருக்கு. அக்கா பார்த்துட்டுச் சிரிச்சாங்க. எரிச்சலாத்தான் இருந்துச்சு. ரெண்டு மாசத்துல மாவட்ட செலக்‌ஷன். அதுக்குள்ள தோள் தேறினா, கொஞ்சம் கனமா இன்னொண்ணு செய்யலாம்னு அண்ணன் சொல்லியிருந்தார்.

போன வாரம் அவருக்குக் கான்ட்ராக்ட் முடிஞ்சுது. ஊருக்குப் போயிட்டார். போறதுக்கு முன்னாடி, செம்பரம்பாக்கம் பஸ் ஸ்டாப்ல இறங்கி ஒரு கயிறு கொடுத்துட்டுப் போனார். ஸ்பேர் நாண். பாதி தமிழ், பாதி இந்தியில ஒரே ஒரு எச்சரிக்கை: "ஏரிக் காத்து. ஈரம். விட்டு முடிச்சதும் நாணைக் கழட்டிடு. மாட்டியே வெச்சா வில்லு தூங்கிடும்."

இதை எழுதறப்போ வெளியே மழை தூறுது. கழட்டிட்டுத்தான் எழுத உக்காந்தேன். ஜன்னல் பக்கத்துல வைக்கலை, அண்ணா!