இரண்டு ராத்திரி

மூன்று நாள் லீவு. ஆக, இரண்டு ராத்திரி. சென்னையிலிருந்து காரில் கடற்கரைச் சாலை வழியாகக் கடலூர், சிதம்பரம் போவதென்று வீட்டில் ஏகமனதாகத் தீர்மானம். எந்த ராத்திரி எங்கே என்பதில்தான் தகராறு.

பி.காம். படித்தவனாச்சே! ஒரு தாளை எடுத்து நடுவே கோடு போட்டேன். இரண்டு ஊருக்கும் நடுவே சுமார் 45 கிலோமீட்டர்தான். வெள்ளிக் கடற்கரை, திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர், திருவந்திபுரம் எல்லாம் பகலோடு சரி. சிதம்பரம் அப்படியல்ல. நடராஜர் கோயிலில் அர்த்தஜாம பூஜை பார்க்க ராத்திரி அங்கே இருந்தாக வேண்டும். மறுநாள் வெயில் ஏறுமுன் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டில் படகேற வேண்டும். தாமதித்தால் மண்டை பிளந்துவிடும். ஆகவே இரண்டு ராத்திரியும் சிதம்பரமே! "பெட்டியை ஒரு தடவை பிரிச்சாப் போதும்" என்று மனைவி வழிமொழிந்தாள்.

அப்பா மட்டும், "கடலூர்ல ஒரு ராத்திரி தங்கலாமேடா" என்றார்.

"ராத்திரில அங்கே என்னப்பா இருக்கு?"

பதில் இல்லை.

முதல் நாள் சாயங்காலம், தேவனாம்பட்டினம். சுண்டல் தின்று, மணலை உதறிக்கொண்டு, "கிளம்பலாமா?" என்றேன். அப்பா ஒரு தெருவைக் காட்டினார். கல்யாணமான புதிதில் அவரும் அம்மாவும் குடியிருந்த தெருவாம். வீடு இல்லை, அந்த இடத்தில் மாடிக் கட்டடம்.

"11 மணிக்கு மேலே ஊர் அடங்கினதும் அலைச் சத்தம் வீட்டுக்குள்ளேயே வரும். உங்கம்மா பயந்துக்குவா."

அம்மா போய் மூன்று வருஷமாகிறது. என் தாளில் இந்தக் கணக்கு எந்தப் பக்கமும் ஏறியிருக்கவில்லை.

சிதம்பரம் லாட்ஜுக்குப் போன் போட்டு ஒரு ராத்திரியைக் கேன்சல் செய்தேன். அட்வான்ஸ் திரும்ப வராது என்றார்கள். கடற்கரைப் பக்கமாகக் கிடைத்த அறையில் ஃபேன் கடகடவென்று ஓடியது. 11 மணிக்கு அப்பா எழுந்து போய் அதை நிறுத்தினார்.