அகராதிக்குள் வந்த ஊர்ச்சொற்கள்

ஆங்கிலத்தில் 'நெஷ்' என்று ஒரு சொல் இருக்கிறது. இலேசான குளிருக்கே நடுங்கிப் போர்வை தேடுகின்றவரை இங்கிலாந்தின் நடுப்பகுதிகளில் அப்படித்தான் சொல்வார்கள். மென்மையானது என்ற பொருளில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இருந்த சொல் அது. எங்கள் பாடப் புத்தகங்களில் நான் அதைக் கண்டதில்லை. அவற்றை மட்டும் படித்தால் ஆங்கிலேயர் எல்லோரும் ஒரே மாதிரிக் கதைப்பார்கள் என்றுதான் தோன்றும்.

அங்கேயும் ஊருக்கு ஒரு பேச்சு இருக்கிறது. 'ஸ்டார்வ்' என்றால் பட்டினி கிடத்தல் என்று படித்திருக்கிறோம். பழைய ஆங்கிலத்தில் அதற்குச் சாதல் என்பதே பொருள். பசி பிறகுதான் வந்து ஒட்டிக்கொண்டது. வட இங்கிலாந்தில் குளிரால் விறைப்பதற்கும் அதே சொல். 'கேர்ள்' என்பது இடைக்காலத்தில் ஆண் பிள்ளையையும் குறித்தது. இதை எங்கள் வகுப்பில் சொன்னபோது சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று.

இத்தகைய ஊர்ச்சொற்களைத் திரட்டியவர்களில் முக்கியமானவர் ஜோசப் ரைட். 1855இல் யோர்க்ஷயரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். 6 வயதில் கழுதை வண்டி ஓட்டும் வேலை, அதற்குப் பிறகு நூல் ஆலை. 15 வயது வரை அவருக்குப் பத்திரிகை வாசிக்கத் தெரியாது. இரவுப் பாடசாலையில் தொடங்கி, ஜெர்மனியில் கலாநிதிப் பட்டம் பெற்று, 1901இல் ஒக்ஸ்போர்ட்டில் பேராசிரியரானார். அவருடைய ஆங்கில வட்டார வழக்கு அகராதி 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. நாடெங்குமிருந்து நூற்றுக்கணக்கானோர் அதற்குச் சொற்களை எழுதி அனுப்பினார்கள். அதற்கும் முன்பே, 1892இல், தான் வளர்ந்த விண்ட்ஹில் ஊரின் பேச்சுக்கு ஓர் இலக்கணமே எழுதியிருந்தார். எனக்கு அகராதியைவிட அந்தச் சிறிய நூல்தான் பெரிதாகத் தெரிகிறது. ஆலைத் தொழிலாளர் பேசுவதற்கும் இலக்கணம் உண்டு என்று அந்தக் காலத்தில் எத்தனை பேர் நம்பியிருப்பார்கள்?

அயர்லாந்துக் கவிஞர் சீமஸ் ஹீனி பழைய ஆங்கிலக் காவியமான பேவுல்பை மொழிபெயர்த்தவர். துன்பத்தைப் பொறுத்தல் என்னும் பொருளில் அதில் வந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் அவருக்குத் தன் ஊர் நினைவு வந்திருக்கிறது. அது அவருடைய மாமி வீட்டில் பேசிய சொல்! 'தோல்' என்று அதை உச்சரிக்க வேண்டும். தமிழில் எழுதினால் வேறு பொருள் வந்துவிடுகிறது, என்ன செய்வது?

இதை வாசித்த நாள் முதல் என் காது மூத்தம்மாவின் பக்கமே இருக்கிறது. 'பிறகு' என்பதற்கு அவர் 'மறுகா' என்பார். திரும்பிப் பார் என்னாமல் 'கிறுகிப் பார்' என்பார். கொழும்பிலிருந்து வரும் மச்சிமார் அதைக் கேட்டுச் சிரிப்பார்கள். வெளியில் போனால் அப்படிக் கதைக்க வேண்டாமென்று உம்மாவும் எங்களுக்குச் சொல்லித்தான் வளர்த்தார். பரீட்சைக் கட்டுரையில் எழுதினால் சிவப்புக் கோடு நிச்சயம்.

பழைய கணிதக் கொப்பியொன்றின் பின்பக்கத்தில் அவற்றை எழுதி வருகிறேன். இதுவரை 42 சொற்கள். சென்ற வாரம் மூத்தம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் புரட்டிப் பார்த்தார்.

"என்னத்துக்குப் புள்ள இதெல்லாம் எழுதுறாய்? மறுகா ஆரு இதப் படிக்கிற?"

அதற்குள் தானாகவே இன்னும் மூன்று சொற்கள் சொல்லிவிட்டார்.