வாளி சொன்ன மழைக்கணக்கு

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை பிடித்ததும் எட்டாம் வகுப்புக்கு ஒரு கேள்வி கொடுப்பேன்: நம் வகுப்பறைக் கூரையில் விழும் மழை எத்தனை குடம்? புத்தகத்தில் இதற்கு விடை கிடையாது. செயல்திட்டம் என்றாலே சார்ட்டும் தெர்மாகோலும் வாங்கி, அப்பா ராத்திரி உட்கார்ந்து ஒட்டித் தருவது என்றாகிவிட்டது. அதில் பிள்ளைக்கு வேலையே இல்லை.

மழைமானிக்குக் குளிர்பான பாட்டில் போதும். கழுத்தை அறுத்துப் புனலாகக் கவிழ்த்து, அடியிலுள்ள மேடுபள்ளம் மறையும்வரை கூழாங்கல்லும் தண்ணீரும் போட்டு, அந்த மட்டத்தில் ஸ்கேலின் பூஜ்யம் வரும்படி ஒட்ட வேண்டும். ஒரு குழு பாட்டிலை வைத்தது. இன்னொரு குழு, வாய் அகலமாயிருந்தால் நிறையப் பிடிக்குமென்று வாளியை வைத்தது. காலையில் பாட்டிலில் 18 மி.மீ., வாளியில் 28.

"வாளி பெருசு சார், அதான் ஜாஸ்தி."

"அப்ப சிமெண்ட் தொட்டிய வெச்சா மழை இன்னும் கூடிடுமா?" என்று ஒரு மாணவி கேட்டாள்.

நான் வாய் திறக்கவில்லை. அடுத்த மழைக்குச் சத்துணவுக் கூடத்திலிருந்து பக்கம் நேராக நிற்கும் அலுமினியப் பாத்திரம் ஒன்றும் முற்றத்துக்கு வந்தது. அதன் வாய் வாளியைவிட அகலம். ஆனாலும் அளவு பாட்டிலோடு ஒத்துப்போனது; வாளி மட்டும் தனியாக நின்றது. அந்த மாணவிதான் வாளியின் குறுக்கே ஸ்கேலை வைத்தாள். வாய் 28 செ.மீ., அடி 22. அகலமான வாயில் விழுந்த மழை குறுகிய அடியில் நெருக்கி நின்று உயர்ந்துவிட்டது.

1918-இல் செயல்திட்ட முறை பற்றி எழுதிய கில்பாட்ரிக், நோக்கம் பிள்ளையுடையதாக இருக்க வேண்டும் என்றே வலியுறுத்தினார். கூரைக் கேள்வி என்னுடையது. வாளிக் கேள்வி அவர்களுடையது. அதற்காகவே ஒரு மழைக்காலம் முழுவதையும் கொடுக்கலாம் என்பேன்.

பிறகு கணக்கு தானாக ஓடியது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மி.மீ. மழை என்றால் ஒரு லிட்டர். 20 அடிக்கு 20 அடி அறை, ஏறக்குறைய 37 சதுர மீட்டர். 10 மி.மீ. பெய்தால் 370 லிட்டர். 15 லிட்டர் குடத்தில் சுமார் 25 குடம். "அவ்வளவும் எங்க சார் போகுது?" என்று கேட்டுக்கொண்டே கூரைக் குழாயின் பின்னால் ஒரு கூட்டம் கிளம்பிவிட்டது.

வளரறி மதிப்பீட்டில் செயல்பாட்டுக்கு 20 மதிப்பெண். நோட்டில் அடித்துத் திருத்திய எண்களைத்தான் முதலில் பார்ப்பேன். பக்கத்தில், ஏன் அடித்தோம் என்று ஒரு வரி இருக்க வேண்டும். படத்துக்கும் பளபளப்பு அட்டைக்கும் மதிப்பெண் கிடையாது. இதை முதல் நாளே சொல்லிவிடுகிறேன்.