வெற்று இலையின் வாக்கு

பூவையும் காயையும் யாரும் தேடாத கொடி. இலை ஒன்றே அதன் பலன். ஆகவே 'வெற்று இலை' என்று பெயர் வந்ததாகப் பெரியவர்கள் சொல்வதுண்டு. அந்த வெறும் இலை இல்லாவிட்டால் நம் நாட்டில் ஒரு சுபகாரியமும் நடவாது என்பதுதான் வேடிக்கை! தாம்பூலம் மாற்றியாயிற்றா, வாக்குக் கொடுத்தாயிற்று. பத்திரமும் வேண்டாம், சாட்சிக் கையெழுத்தும் வேண்டாம். மலாய் நாட்டிலும் பாக்குக்குப் 'பினாங்' என்று பெயர். பெண் கேட்பதைக் குறிக்கும் 'மெமினாங்' என்ற சொல் அதிலிருந்தே பிறந்தது.

இலை வெறும் இலையானாலும் அதை வளர்ப்பவன் பாடு சாமானியமன்று. முதலில் அகத்தியை விதைத்து நிழலுண்டாக்க வேண்டும். பிறகு கொடியை நட்டு, அது ஏற ஏற அகத்தியோடு சேர்த்துக் கட்டிக்கொண்டே வரவேண்டும். எட்டாத உயரம் போனதும் கீழே இறக்கிச் சுருட்டி, மண்ணில் புதைத்து, மறுபடியும் ஏற்ற வேண்டும். நூறு இலை சேர்ந்தால் ஒரு கவுளி. ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-லும், கும்பகோணம் வெற்றிலைக்கு 2025-லும் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த உழைப்புக்கு ஏற்ற மரியாதையே.

ஆவடிக்கு அடுத்த வெள்ளானூரில் என் பெரியப்பா ஓயாமல் தாம்பூலம் தரித்தவர். புகையிலையைத் தொட்டதில்லை என்பது அவருடைய பெருமை. நாளடைவில் அவர் வாய் இரண்டு விரற்கடைக்கு மேல் திறக்கவில்லை. பாக்கு செய்த வேலை என்றார் வைத்தியர். உலக சுகாதார ஸ்தாபனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004-ல் வெளியிட்ட நூலிலும், புகையிலை சேராத தாம்பூலமும், தனிப் பாக்குமே கூடப் புற்றுநோய் உண்டாக்கும் என்று தீர்ப்புக் கூறியிருக்கிறது.

அவர் மகளுக்கு நிச்சயதாம்பூலம் வந்தபோது, "இந்தச் சனியன் இனித் தட்டிலேயே வேண்டாம்" என்றான் என் தம்பி. அவன் கோபம் நியாயமானது. ஆனால் நான் இணங்கவில்லை. கொடுப்பதிலும் வாங்குவதிலும்தான் வெற்றிலைக்குக் கௌரவம். மெல்லுவதில் என்ன இருக்கிறது? பெரியப்பாவே வழி சொன்னார்: "சீவலை எடுத்துவிட்டு முழுக் கொட்டைப்பாக்கு வையுங்கள். ஒரு பயல் கடிக்க மாட்டான்."

அப்படியே நடந்தது. கோயம்பேட்டிலிருந்து வந்த கவுளிகளைப் பெரியப்பா தாமே துடைத்து அடுக்கினார். தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். சம்பந்தியிடம் வாயால் சொல்ல இயலாததையெல்லாம் அந்தத் தட்டே சொல்லிற்று. மீந்த வெற்றிலை மறுநாள் ரசமாயிற்று. காரம் பட்டால் அவர் வாய் எரியும் என்று பெரியம்மா மிளகைக் குறைத்திருந்தாள். ஆறவைத்து இரண்டு டம்ளர் குடித்தார்.