வாலில்லாத விமானமும் பத்து விரல்களும்



சர்க்கரை, பிரஷர் என்று எழுதிக்கொண்டிருக்கும் நான் இன்று ரிமோட்டில் பறக்கும் விமானம் பற்றி எழுதுகிறேன். பள்ளி, கல்லூரிப் பிள்ளைகள் கிட் வாங்கி வீட்டிலேயே அசெம்பிள் செய்கிறார்கள். அருமையான பொழுதுபோக்கு. தடுக்காதீங்க. ஆனா பக்கத்துல உட்காருங்க. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்த நீண்ட பதிவு.

என் அக்கா மகன் ஏழாவது படிக்கிறான். சேர்த்து வைத்த காசில் "ஃப்ளையிங் விங்" கிட் ஒன்று வாங்கினான். "தம்பி, நீ கூட இருந்தாதான் அவன் பெட்டியைப் பிரிப்பான்" என்று அக்கா கறாராகச் சொல்லிவிட்டார். பிரித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி: "மாமா, இதுக்கு வால் எங்க?"

நல்ல கேள்வி. சாதாரண விமானத்தில் இறக்கை தூக்குகிறது, வால் அதை நிலையாக வைத்திருக்கிறது. ஃப்ளையிங் விங்கில் உடல் இல்லை, வால் இல்லை, இறக்கை மட்டும்தான். வாலின் வேலையையும் இறக்கையே பார்க்க வேண்டும். அதற்காகத்தான் இறக்கை பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், பின் விளிம்பு லேசாக மேல்நோக்கி இருக்கும்.

அமெரிக்காவில் ஜாக் நார்த்ரப் இந்த வடிவத்துக்காகப் பல வருடம் உழைத்தார். அவருடைய ஒய்பி-49 1947ல் பறந்தது. கைவிட்டார்கள். 1989ல் பறந்த பி-2 விமானத்தின் இறக்கை நீளமும் அதே 172 அடிதான்.

சரி, அசெம்பிளிக்கு வருவோம்.

பசை:
தெர்மாகோல் வகை ஃபோமை சாதாரண இன்ஸ்டன்ட் பசை கரைத்துவிடும். "ஃபோம் சேஃப்" என்று போட்டதையே வாங்குங்கள். பருத்தித் துணியால் இந்தப் பசையைத் துடைக்காதீர்கள். இரண்டும் சேர்ந்தால் சூடாகி, தோல் வெந்துபோகும் அளவுக்குப் போகலாம். விரல் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாகப் பிரியுங்கள். கண் இமை ஒட்டிக்கொண்டால் இழுத்துப் பிரிக்கவே கூடாது. நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள்.

சர்வோ:
முதலில் ரிமோட்டை ஆன் செய்து, சர்வோவை நடுநிலைக்குக் கொண்டுவந்து, பிறகுதான் அதன் கையைப் பொருத்த வேண்டும். இந்த விமானத்தில் ஏற இறங்க, வலம் இடம் திரும்ப, எல்லாவற்றுக்கும் இரண்டே மடல்கள். ரிமோட்டில் "எலிவான் மிக்ஸ்" போட வேண்டும். விமானத்தின் பின்னால் நின்று பாருங்கள். ஸ்டிக்கை உங்கள் பக்கம் இழுத்தால் இரண்டு மடலும் மேலே வர வேண்டும். வலப்பக்கம் தள்ளினால் வலது மடல் மேலே, இடது மடல் கீழே.

இந்தச் சோதனை எல்லாமே புரொப்பல்லர் இல்லாமல்தான் நடக்க வேண்டும். அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

எடை மையம்:
கிட்டில் சொன்ன இடத்தில், இறக்கையின் அடியில் இரண்டு பக்கமும் ஒவ்வொரு விரல் வைத்துத் தூக்குங்கள். மட்டமாக, அல்லது மூக்கு லேசாகக் கீழே சாய்ந்து நிற்க வேண்டும். பேட்டரியை முன்னே பின்னே நகர்த்திச் சரிசெய்யுங்கள். வால் இல்லாததால் இதில் சலுகை மிகக் குறைவு. மையம் ஒரு சென்டிமீட்டர் பின்னால் போனாலே கட்டுப்பாட்டை இழந்துவிடலாம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு கல்லூரி மாணவர் வந்தார். வலது கை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிழிந்திருந்தன. புரொப்பல்லரை மாட்டிய பிறகு, மேசை மேல் வைத்தே மோட்டார் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்திருக்கிறார். தையல் போட்டோம். ஆனால் ஆள்காட்டி விரலின் தசைநாண் அறுந்திருந்தது. அதற்குத் தனி அறுவை சிகிச்சை, பிறகு மாதக்கணக்கில் பிசியோதெரபி.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 அங்குல புரொப்பல்லர் நிமிடத்துக்கு 10,000 சுற்று சுற்றினால், அதன் நுனி வேகம் மணிக்கு சுமார் 380 கிலோமீட்டர். ஒரு நொடியில் 333 வெட்டு. கையை எடுத்துவிடலாம் என்று நினைக்கும் நேரம்கூடக் கிடைக்காது.

ஃப்ளையிங் விங்கில் புரொப்பல்லர் பெரும்பாலும் பின்னால் இருக்கும். கையால் வீசும்போது அது நம் கையைக் கடந்துதான் போகிறது. ஆகவே:

1. மைதானத்தில், பறக்கவிடுவதற்குச் சற்று முன்தான் பேட்டரியை இணைக்க வேண்டும்.
2. ரிமோட்டில் மோட்டாரை முழுதாக நிறுத்தும் ஸ்விட்ச் கட்டாயம் வைக்க வேண்டும்.
3. மோட்டார் ஓடாத நிலையில் வீசி, விமானம் கையை விட்டு விலகிய பிறகே த்ராட்டில் கொடுக்க வேண்டும்.
4. ரிமோட்டை அணைத்தால் மோட்டார் நிற்கிறதா என்று வீட்டிலேயே, புரொப்பல்லர் இல்லாமல் பார்த்துவிட வேண்டும்.

காயம் பட்டுவிட்டால் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தி வையுங்கள். காபித்தூள், மஞ்சள்தூள் எதுவும் வேண்டாம். விரல் துண்டாகிவிட்டால் அதை ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் தண்ணீரில் வையுங்கள். விரலில் ஐஸ் நேராகப் படக் கூடாது. உடனே 108.

பேட்டரி:
லித்தியம் பாலிமர் பேட்டரியில் ஒரு செல்லின் முழு சார்ஜ் 4.2 வோல்ட். அதற்கு மேல் போகக் கூடாது. 2200 எம்ஏஎச் பேட்டரிக்கு 2.2 ஆம்பியர் போதும். அதற்கான சார்ஜரையே பயன்படுத்துங்கள். மெத்தை மேல் வைத்து, இரவு தூங்கும்போது சார்ஜ் போடவே கூடாது. உப்பிய பேட்டரியை இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். தீப்பிடித்தால் அந்தப் புகை நுரையீரலுக்கு நஞ்சு. முதலில் ஆட்கள் வெளியே வரட்டும்.

எங்கே பறக்கவிடுவது?
ட்ரோன் விதிகள் 2021 மாடல் விமானங்களுக்கும் பொருந்தும். டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் இடம் பச்சை மண்டலமா என்று பாருங்கள். அங்கே 400 அடி உயரம் வரை அனுமதி. விமான நிலையத்திலிருந்து 8 முதல் 12 கிலோமீட்டருக்குள் என்றால் 200 அடிதான். ஆள் நடமாட்டம் இல்லாத வறண்ட கண்மாய் நல்ல இடம்.

எங்கள் விமானம் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் தயாரானது. விசையும் திருப்புத்திறனும் பாடப் புத்தகத்தில் வரும் முன்பே அவன் விரல் நுனியில் புரிந்துகொண்டான். அதனால்தான் "வேண்டாம்" என்று சொல்லி முடித்துவிடாதீர்கள் என்கிறேன். நாம் தடுத்தால் பிள்ளைகள் நண்பன் வீட்டு மொட்டை மாடியில் ரகசியமாகச் செய்வார்கள். பெரியவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார்கள்.

இந்த வகை கிட் வைத்திருக்கும் வீட்டுக்கு இதைப் பகிருங்கள்.


ஓர் அரசு மருத்துவர், எம்பிபிஎஸ்