தென்காசியில் வாங்கிய ஓலைப்பெட்டி

ஆனி, ஆடிச் சாரல் என்றால் குற்றாலம்தான்! அருவியில் குளித்து, 2019-ல் தனி மாவட்டமான தென்காசிக்கு வந்து, காசிவிசுவநாதரைக் கும்பிட்டோம். திரும்பும்போது கடைத்தெருவில் மூடிபோட்ட வண்ண ஓலைப்பெட்டி ஒன்று வாங்கினேன்.

பார்த்ததும் அம்மா ஞாபகம். என் கல்யாணத்துக்கு மஞ்சள், குங்குமம், வளையல் வைத்து இப்படித்தான் ஒரு பெட்டி தந்தாள். ஒரு மழைக்காலத்தில் சரியாகக் காயாத துணியை அதில் திணித்து மூடிவிட்டேன். பத்தே நாளில் பூசணம் பிடித்து ஓலை இற்றுப்போச்சு. இன்று அம்மாவும் இல்லை, பெட்டியும் இல்லை.

பனை நம் மாநில மரம். அதன் குருத்தோலையை உலர்த்தி, சாயம் ஏற்றி முடைகிறார்கள். ஓலைக்கு ஈரம்தான் எதிரி. நன்றாகக் காய்ந்த குழந்தைத் துணி, தொப்பி, ரிப்பன், வளையல் வைக்கலாம். ஈரத்தரையில் வைக்காமல் அலமாரியில் வையுங்கள். அடியில் காய்ந்த வேப்பிலை போடுங்கள். மாதம் ஒருமுறை திறந்து, காற்றாட இளவெயிலில் வைத்து எடுங்கள். அழுக்கானால் கழுவ வேண்டாம். உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

வாங்கிய பெட்டி, கல்யாணமாகிப் போகும் என் மகளுக்கு. மஞ்சள், குங்குமத்தோடு ஒரு துண்டுச் சீட்டும் வைத்திருக்கிறேன்: "ஈரத்துணியை மட்டும் வைச்சிராதேடி!"